விமானத்தில் நடந்தே ஊருக்குப் போனேன்

1

எங்கள் தோட்டத்து ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சின்னக் கிராணிக்கு என்னைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. கிராணி என்றால் மலாயாவில் ரப்பர் தோட்டத்துக் குமாஸ்தா. நான் பெரிய கிராணி. பெரிய கிராணி என்றால் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவர் என்றுதான் இங்கே எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானோ கொஞ்ச நேரம் எழுதுவேன், எழுந்து வாசல்படி வரைக்கும் போவேன், திரும்பாமல் அப்படியே பின்பக்கமாகவே நடந்து வந்து உட்காருவேன். நேற்று அவர் அடக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

“அய்யா, யாராச்சும் வர்றாங்களா? வாசலையே பாத்துக்கிட்டு நடக்கிறீங்களே.”

“தேர் வருது தம்பி, ஒதுங்கி நில்லுங்க” என்றேன். மனிதர் உண்மையிலேயே எட்டிப் பார்த்தார். வாசலில் ரப்பர் பால் லாரிதான் நின்றது.

அவருக்கு விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் வைகாசி பிறந்துவிட்டது. ஊரில் இந்நேரம் தேர்க்கொட்டகையைப் பிரித்து, சக்கரத்துக்கு விளக்கெண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த நினைப்பில் கை பரபரக்கிறது. ஊரில் இருக்கும் உங்களுக்காவது முழுசாக எழுதிவிடுகிறேன். இப்போது நம் பக்கத்து ஆட்களும் ஆகாய விமானத்தில் ஏறிப் பழகிவிட்டார்கள். போகிறவர்கள் என்னிடம் வந்து காதுக்குப் பஞ்சு வேண்டுமா, கம்பளி வேண்டுமா என்று கேட்கிறார்கள். காலுக்கு என்ன செய்வது என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

2

எங்கள் ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் தங்கள் தேர்தான் பெரிது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், நானும் விடமாட்டேன், வீண் பொல்லாப்பு.

அம்மன் தேர். நான்கு மரச் சக்கரம். வடம் பிடித்து இழுப்பதற்கு ஊரே வரும், அதற்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டியதில்லை. தேரை நிறுத்துவதும் திருப்புவதும்தான் வித்தை. தேருக்கு ஸ்டியரிங்கும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டுத்தான் எல்லாம் நடக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் சரிந்த புளியங்கட்டை அது. நேராகப் போட்டால் சக்கரம் நிற்கும். சாய்த்துப் போட்டால் சக்கரம் அதன்மேல் வழுக்கித் திரும்பும். கட்டை போடுகிறவன் ஓடி வருகிற சக்கரத்தைப் பார்த்தபடி, குனிந்தபடி, பின்பக்கமாகவே நடக்க வேண்டும். திரும்பிப் பார்க்கிற வேலையே கூடாது. கால் ஒரு தரம் மடங்கினால் கதை முடிந்தது.

தேர் ஊரை வலமாகச் சுற்றுகிறது. அதனால் ஒவ்வொரு முக்கிலும் தேரைத் திருப்புவது வலது முன் சக்கரம்தான். அந்தச் சக்கரம் எங்கள் வீட்டுச் சக்கரம். அப்பா போட்டார். அவருக்குப் பிறகு நான் போட்டேன். கப்பலேறி மலாயாவுக்கு வந்த பிறகும் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வருவேன். எனக்குப் பணிவு கொஞ்சம் கம்மி, ஆகையால் சொல்லிவிடுகிறேன், என்னைப்போல் கட்டை போட அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தொடர்ந்து மூன்று திருவிழாவுக்குச் சக்கரத்துக்கு உரியவன் வராவிட்டால் சக்கரம் கைமாறிவிடும். பதிலுக்கு ஆள் போட்டால் அது கணக்கில் வராது. ஒரு வருஷம் தோட்டத்துத் துரை லீவு தரவில்லை. அடுத்த வருஷம் என் கால் லீவு தரவில்லை. இரண்டு தடவையும் என் சித்தப்பா மகன் தங்கராசு அண்ணன்தான் கட்டை போட்டார். மூன்றாவது வருஷம் பிறந்ததும் ஊரிலிருந்து வந்த ஒருவர் வாயிலாக அண்ணன் சொல்லி அனுப்பினார்: “வந்தா அவன் சக்கரம். வரலேன்னா என் சக்கரம். நொண்டிக்கிட்டு வாரதா இருந்தா வரவே வேணாம்னு சொல்லுங்க.”

அந்தக் கடைசி வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது.

3

என் காலுக்கு வந்ததை இப்போது சொல்ல வேண்டும். விஷக்காய்ச்சலில் பல நாள் படுத்துக் கிடந்தேன். எழுந்தபோது இடது கெண்டைக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. ஈப்போ டாக்டர் ஒரு சீனர். நரம்புக்குள் இரத்தம் கட்டிவிட்டது என்றார். மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டேன். வீக்கம் வடிந்தது, நடை வந்தது. ஆனால் நீண்ட நேரம் உட்கார்ந்தால் கணுக்காலில் விரல் பதிந்த இடம் பள்ளமாகவே நிற்கும்.

துரை கொடுத்த லீவு இரண்டே வாரம். கப்பலில் போனால் போகவும் வரவுமே சரியாகிவிடும். ஆகவே விமானம்தான். டாக்டரிடம் தேர் விஷயத்தைச் சொல்லி அனுமதி கேட்கப் போனேன். அவர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

“விமானத்தில் நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தே போனால் இரத்தம் மறுபடி கட்டலாம். கட்டினது கிளம்பி நுரையீரலுக்குப் போனால் நீங்கள் உங்கள் தேரை மேலேயிருந்துதான் பார்க்க வேண்டும்” என்றார்.

“உட்காராமல் போனால்?”

அவர் சிரித்துவிட்டார். பிறகு நிபந்தனைகள் போட்டார். அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்க வேண்டும், பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்க வேண்டும். கணுக்காலைச் சுழற்ற வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கால்மேல் கால் போடக் கூடாது, சம்மணமும் கூடாது. இந்தக் கடைசி விஷயம்தான் எனக்குக் கஷ்டம். எந்த நாற்காலியைக் கண்டாலும் காலை மடக்கி மேலே வைத்துக்கொள்கிற ஜாதி நான்.

வீட்டில் என் மனைவி கண்ணாத்தாள் ஒரு பாட்டம் ஆடித் தீர்த்தாள். “தங்கராசு மச்சானே போடட்டுமே. கட்டை போட்டு என்னத்தைக் கண்டீங்க? ஒங்க காலு போனா நானும் புள்ளைகளும் எங்கிட்டுப் போறது?”

அவள் கேட்டது நியாயம்தான், எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அந்தச் சக்கரத்தை விட்டுவிட்டால் நான் இந்த ஆபீஸ் நாற்காலியிலேயே உட்கார்ந்து முடிந்துபோவேன் என்று எனக்குப் பயமாக இருந்தது. அதை அவளிடம் சொன்னேன். கடைசியில், “சரோசாவக் கூட்டிக்கிட்டுப் போங்க. அவ பாத்துக்குவா” என்றாள்.

சரோஜா எங்கள் மூத்த பெண். ஈப்போவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். வீட்டில் அவள் பேசும் தமிழில் பாதிக்குப் பாதி இங்கிலீஷும் மலாயும் கலந்திருக்கும். அவள் வாயில் அதிகம் வருகிற சொல் ‘மாலு’. மலாய்மொழியில் வெட்கக்கேடு என்று பொருள். நான் வேட்டி கட்டிக்கொண்டு அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனால் மாலு. பஸ்ஸில் சத்தமாகப் பேசினால் மாலு. ஊருக்கு வருகிறாயா என்று கேட்டதற்கு, “அங்க போயி நான் என்னப்பா செய்யறது?” என்றாள். விமானம் என்றதும்தான் ஒத்துக்கொண்டாள்.

தோட்டத்துத் தச்சரிடம் சொல்லி மெர்பாவ் மரத்தில் ஒரு கட்டை செய்து வாங்கினேன். இரும்பு மாதிரி மரம் அது. தினமும் மாலையில் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வீட்டு வரிசைக்கு, பின்னால் குனிந்து பின்நடை பழகினேன். சரோஜா ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

4

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க இந்திய ஹைகமிஷன் ஆபீசுக்குப் போன இடத்தில் ஒரு கூத்து நடந்தது. என் பழைய காகிதத்தில் பிறந்த இடம் புதுக்கோட்டை சமஸ்தானம் என்று இருந்தது. கவுண்டரில் இருந்த ஆபீசர் வடக்கத்திக்காரர். காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பினார்.

“இப்படி ஒரு ராஜ்யம் இப்போது இல்லையே.”

“நாற்பத்தெட்டிலேயே இந்தியாவோடு சேர்ந்துவிட்டது சார். இப்போது திருச்சி ஜில்லா.”

“அப்படியானால் நீங்கள் திருச்சியில் பிறந்ததாக எழுதலாமா?”

“திருச்சியில் எதற்குப் பிறக்கப்போகிறேன்? ராஜ்யம் போனால் போகிறது, ஊர் அங்கேயேதான் இருக்கிறது.”

அவர் உள்ளே போனார், இன்னொருவரை அழைத்துக்கொண்டு வந்தார், அவரும் உள்ளே போனார். அந்த நேரத்தில் நான் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். சர்க்கார் ஆபீஸில் காத்திருப்பது காலுக்கு நல்ல பயிற்சி. உட்கார நாற்காலியே போடமாட்டார்கள்.

5

பினாங்கில் விமானம் ஏறினோம். இறக்கையில் காற்றாடிகள் வைத்த விமானம். பயணிகள் எல்லாரும் வரிசையாகத் திறந்த மைதானத்தில் நடந்து போய்ப் படியேற வேண்டும். சரோஜா முன்னால் போனாள். நான் கைப்பையில் கட்டையோடு பின்னால் போனேன். இறக்கைக்கு அடியில் பார்வை போனதும் நின்றுவிட்டேன்.

விமானத்தின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டிருந்தார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, சரிவாகச் செதுக்கி, மஞ்சள் வர்ணம் அடித்து, இரண்டையும் கயிற்றால் பிணைத்து வைத்திருந்தார்கள். ஆகாயத்தில் பறக்கிற இத்தனை பெரிய வஸ்து தரையில் நிற்பதற்கு நம் கட்டைதான் வேண்டியிருக்கிறது! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊரில் தேர் கிளம்புமுன் கட்டை போடுகிறவன் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது வழக்கம். சக்கரத்தைக் கண்டதும் கை தானாகப் போய்விட்டது. வரிசையை விட்டு விலகிப் போய், குனிந்து, விமானத்தின் டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

விசில் பறந்தது. சிப்பந்தி ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். படியில் நின்ற சரோஜா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அப்போது சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்த ஆள், கட்டைக் கயிற்றைக் கையில் பிடித்தபடியே, நம் பாஷையில் கேட்டார்.

“என்னண்ணே, கட்டை போடுற ஊட்டு ஆளா?”

“ஒங்களுக்கு எந்த ஊரு?”

“கறம்பக்குடிங்க. தேரப் பாத்தவனுக்குத்தானே இந்த நெனப்பு வரும்.” ஓடி வந்தவரிடம் மலாயில் ஏதோ சொல்லிச் சமாளித்தார். பிறகு என்னைப் பார்த்து, “ஏறுங்கண்ணே, நீங்க ஏறினாத்தான் நான் கட்டைய எடுக்க முடியும்” என்றார்.

இருக்கையில் உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் கட்டையை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து விலகி, எனக்காக ஒரு கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன்.

“ரொம்ப மாலுப்பா” என்றாள் சரோஜா.

6

விமானம் மேலே போய் நிதானப்பட்டதும் நான் எழுந்தேன். நடுவில் இருந்த வழி, இரண்டு பக்கமும் நாற்காலி வரிசை, ஒரு ஆள் போகிற அகலம். வால்பக்கம் கழிப்பறை வரைக்கும் ஒரு நடை, திரும்ப முன்பக்கத் திரை வரைக்கும் ஒரு நடை. என்ஜின் அதிர்வு காலில் ஏறியது. கெண்டைக்கால் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு பிடித்தது.

விமானப் பணிப்பெண் வந்தாள். பார்க்க என் தங்கை வயது. “உங்களுக்கு ஏதாவது வேண்டுமா?” என்று இங்கிலீஷில் கேட்டாள்.

“ஒன்றும் வேண்டாம். நடக்கிறேன்.”

“எங்கே போக வேண்டும்?”

“மெட்ராசுக்கு.”

அவள் தட்டோடு முன்னால் வந்தபோது எனக்குத் திரும்ப இடமில்லை. ஆகவே பின்பக்கமாகவே நடந்தேன். ஒரு நாற்காலியில்கூட இடிக்கவில்லை. பிறகுதான் யோசனை வந்தது, இது நல்ல பயிற்சியாயிற்றே! அதிலிருந்து போகும்போது நேராகவும் வரும்போது குனிந்து பின்நடையாகவும் நடந்தேன். பக்கத்து வரிசையில் ஒரு துணிக்கடை முதலாளி இருந்தார். நல்ல தாட்டியான ஆள். கைக்கு எட்டியதையெல்லாம் சாப்பிட்டுவிட்டு, காலை நீட்டி, கண்ணை மூடியபடியே சொன்னார்.

“டிக்கெட் வாங்கிட்டு நடந்து போற ஆளை இன்னைக்குத்தான்யா பாக்குறேன்.”

“வாங்களேன், நீங்களும் ரெண்டு நடை நடக்கலாம்.”

“அதுக்கா ஏரோப்ளேன்ல ஏறினேன்?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நடையை நிறுத்தவில்லை. சரோஜாவுக்குத்தான் தாங்கவில்லை. நான் அவள் வரிசையைத் தாண்டும்போதெல்லாம் புத்தகத்தை மூக்கு வரைக்கும் உயர்த்திக்கொள்வாள். ஒரு தடவை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருங்கப்பா. எல்லாரும் பாக்கறாங்க. பைத்தியம்னு நெனச்சுக்கப் போறாங்க.”

அது எனக்கு வலித்தது. பைத்தியம் என்றதற்காக இல்லை. நான் எதற்காக நடக்கிறேன் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது, அவளுக்குச் சொல்ல எனக்கும் வார்த்தை இல்லை. ‘தேர்’ என்றால் அவளுக்கு அது ஒரு சொல், அவ்வளவுதான். போய் உட்கார்ந்தேன். நல்ல வேளையாக அந்நேரம் விமானமும் ஆட ஆரம்பித்தது, பெல்ட்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.

பெல்ட்டைக் கட்டினால் இடுப்புதானே அசையாது? கைப்பையிலிருந்து மெர்பாவ் கட்டையை எடுத்துக் காலடியில் வைத்தேன். சரிவில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலைக் கீழே அழுத்தினேன், பிறகு உயர்த்தினேன். கெண்டைக்கால் இழுத்து இழுத்து விட்டது. டாக்டர் சொன்ன பயிற்சிக்கு இதைவிடத் தோதான சாமான் கிடைக்காது. வெளியே ஒரே மேகம். பணிப்பெண் பாக்கெட் பாக்கெட்டாகப் பெப்பர்மின்ட் கொடுத்துக்கொண்டு போனாள். என் காலடியைக் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நல்ல பெண்.

மீனம்பாக்கத்தில் இறங்கும் நேரத்தில் துணிக்கடை முதலாளியின் பூட்ஸ் காலில் ஏற மறுத்தது. கால் அப்படி வீங்கியிருந்தது. குனிந்தார், இழுத்தார், முனகினார். கடைசியில் இரண்டு பூட்ஸையும் கையில் தொங்கவிட்டுக்கொண்டு காலுறையோடு படியிறங்கினார். நான் என் கணுக்காலை விரலால் அமுக்கிப் பார்த்தேன். பள்ளம் விழவில்லை. அந்த இடத்திலேயே குதிக்கலாம்போல் இருந்தது, சரோஜாவுக்காக அடக்கிக்கொண்டேன்.

சுங்க ஆபீசர் என் கைப்பையைத் திறந்து கட்டையை எடுத்தார்.

“என்னய்யா இது?”

“தேருக்கு முட்டுக்கட்டைங்க.”

“மலாயாவிலிருந்து வருகிறவர்கள் ரேடியோ கொண்டுவருவார்கள், சென்ட்டு கொண்டுவருவார்கள். நீர் கட்டை கொண்டுவருகிறீர். நம் நாட்டில் மரமா இல்லை?”

தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார், உள்ளே தங்கம் இருக்குமோ என்று ஆட்டிப் பார்த்தார். பிறகு சலித்துப்போய்ச் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டார்.

7

எழும்பூரில் ரயிலேறி, புதுக்கோட்டையில் பஸ் பிடித்து, ஊர் போய்ச் சேர்ந்தோம். தேரன்று காலையில் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு தேரடிக்குப் போனேன். தங்கராசு அண்ணன் ஏற்கெனவே மஞ்சள் வேட்டியோடு நின்றார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். காலில் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

“வந்துட்டியா? ஆகாசத்துல ஒக்காந்து வந்த காலு, தரையில நிக்குமா?”

ஊர் அம்பலம் நடுவில் வந்தார். எங்கள் ஊரில் இது மாதிரி விஷயத்தை முடிவு செய்கிற பெரிய மனிதர் அவர்தான். “சுப்பையா, சக்கரம் ஒன்னோடதுதான். யாரும் இல்லேங்கல. ஆனா காலுல கோளாறுன்னு கேள்விப்பட்டோம். சாமி காரியம், உசுரு காரியம். ஒனக்கு முடியுமா, இல்ல தங்கராசு போடட்டுமா? இங்கயே சொல்லிப்புடு.”

“எனக்கு முடியும்ங்க.”

“வடமேற்கு முக்குல?”

“அங்கயும் முடியும்ங்க.”

வடமேற்கு முக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலத்தெரு வடக்கே போகப் போகச் சரிவு. சரிவு முடிகிற இடத்தில் ஊருணி. தேர் சரிவில் இறங்கிக்கொண்டே கிழக்குப் பக்கம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் நேரே ஊருணிதான். அம்மனோடு, குருக்களோடு, முன்னால் நிற்கிற ஜனங்களோடு.

மெர்பாவ் கட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு, வழக்கப்படி ஊர்ப் புளியங்கட்டையை எடுத்துக்கொண்டு, சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தேர் கிளம்பியது. கீழத்தெருவும் தெற்குத்தெருவும் வெண்ணெய்போல் போயின. எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை. மேலத்தெருவில் திரும்பியதும் வெயில் ஏறிவிட்டது. சரிவு தொடங்கும் இடத்தில் வடம் பிடித்த இளவட்டங்கள் உற்சாகத்தில் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார்கள். தேர் எகிறியது. கட்டையைப் போட்டேன். சக்கரம் அதைக் கடித்து, பக்கவாட்டில் துப்பிவிட்டது. புளியங்கட்டை இரண்டாகப் பிளந்து தெறித்து ஓடியது.

கையில் ஒன்றும் இல்லை. சக்கரம் முன்னால் வந்துகொண்டிருக்கிறது. முதுகுக்குப் பின்னால் ஊருணி. வடத்தை விடுங்கள் என்று அம்பலம் கத்துவது கேட்டது, மேளத்தில் அது இழுக்கிறவர்கள் காதில் ஏறவில்லை. நான் குனிந்தபடியே பின்னால் ஓடினேன். நடக்கவில்லை, ஓடினேன். இடது கால் என்ன செய்கிறது என்று நினைக்கக்கூட எனக்கு நேரமில்லை. அது தன் வேலையைச் செய்தது. விமானத்தின் அந்த ஒடுங்கிய வழியில் ஒரு நாற்காலியில்கூட இடிக்காமல் போன கால் அது, இந்த அகலமான தெருவிலா இடறும்?

“இந்தாடா!”

தங்கராசு அண்ணன் குரல். அவர் எனக்குப் பின்னாலேயே, மாற்றுக் கட்டையோடு, ஊர் முழுக்க வந்துகொண்டிருந்திருக்கிறார். கையை நீட்டினேன், கட்டை வந்து விழுந்தது. சாய்த்துப் போட்டேன். சக்கரம் ஏறியது, முனகியது, வழுக்கியது. தேர் ஒரு பெருமூச்சு விட்டுக் கிழக்கே முகத்தைத் திருப்பியது. அண்ணன் நீட்டிய இன்னொரு கட்டை நேராக. நின்றது.

பெண்கள் குலவை போட்டார்கள். என் கால் தரையில் ஊன்றியிருந்தது, துளி நடுக்கம் இல்லை. நான் அழுதேன். வெயிலில் வியர்வை என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம், எனக்கென்ன, அழுதேன்தான்.

தங்கராசு அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். “ஆகாசத்துல ஒக்காந்துக்கிட்டே வந்தவன் காலாடா இது?”

“ஒக்காந்து வந்தேன்னு யாரு சொன்னா? மெட்ராசு வரைக்கும் நடந்துல்ல வந்தேன்!”

அவருக்குப் புரியவில்லை. அப்புறம் சாப்பாட்டுப் பந்தியில் விவரமாகச் சொன்னபோது சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. “நொண்டிக்கிட்டு வாராதேன்னு நான் சொல்லி விட்டது கோவத்துல இல்லடா. அந்த முக்குல ஒன்ன எளந்துட்டா நான் கண்ணாத்தாளுக்கு என்ன பதிலு சொல்றது?” என்றார். இத்தனை நாள் அவர்மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

தேர் நிலைக்கு வந்து நின்றதும் கடைசிக் கட்டை போட வேண்டும். வருஷம் முழுக்க அந்தக் கட்டைமேல்தான் சக்கரம் நிற்கும். நான் சரோஜாவைத் தேடினேன். அவள் கூட்டத்தில் முன்வரிசைக்கு எப்படியோ வந்துவிட்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது, கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. அவள் கையில் என் மெர்பாவ் கட்டை இருந்தது. ஒருத்தரும் கேட்காமலே வீட்டுக்கு ஓடிப் போய் எடுத்து வந்திருக்கிறாள். அம்பலம் அதை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, “போடுய்யா” என்றார்.

போட்டேன். இன்றைக்கும் எங்கள் ஊர்த் தேர் நிலையில் நிற்கும்போது, வலது முன் சக்கரத்துக்கு அடியில் போய்ப் பாருங்கள். கருஞ்சிவப்பாக ஒன்று இருக்கும். சுங்க ஆபீசர் போட்ட கோடுகூட முதல் மழை வரைக்கும் அழியவில்லையாம்.

8

திரும்புகிற விமானத்தில் எனக்கு நல்ல அசதி. சக்கரம் என்னுடையது என்றாகிவிட்டது, இனி யாருக்கு எதை நிரூபிக்க வேண்டும்? காலடியில் வைக்கக் கட்டையும் இல்லை. கண்ணை மூடினேன். என்னை அறியாமல் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுவிட்டேன்போல் இருக்கிறது. முழங்காலில் சுளீரென்று ஒரு அடி விழுந்தது.

“அப்பா, காலை எறக்குங்க. எந்திரிங்க. எம்புட்டு நேரமா ஒக்காந்திருக்கீங்க?”

பேச்சைக் கவனியுங்கள். அவள் அத்தைமார்களோடு ஒரு வாரம்தான் இருந்தாள்.

“அசதியா இருக்கும்மா.”

“டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? அடுத்த வருசம் கட்டை போட வேணாமா?”

எழுந்தேன். அவள் எனக்கு முன்னால் வந்து, என்னைப் பார்த்து நின்றுகொண்டு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிறகு கொஞ்சம் குனிந்து, திரும்பிப் பார்க்காமல், பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்தாள். நான் ஒரு அடி வைத்தால் அவள் ஒரு அடி பின்னால் போனாள். நான் தடுமாறினால் கையை அழுத்தி நிறுத்தினாள். விமானமே எங்களைப் பார்த்தது. ஒரு வெள்ளைக்காரர் பத்திரிகையைத் தாழ்த்திவிட்டு வாயைப் பிளந்தார். தட்டோடு வந்த பணிப்பெண் வழியில் திகைத்து நின்றாள்.

எனக்கே கூச்சமாகிவிட்டது. “சரோஜா, எல்லாரும் பாக்கறாங்கம்மா. மாலு இல்லையா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் நடையை நிறுத்தவில்லை.

“எதுக்குப்பா மாலு? தேர் வருதுல்ல? அவங்கதான் ஒதுங்கணும்.”